அக்காவுக்குப் பயம் தெளிவித்த கதை

கம்ப்யூட்டர் வாத்தியார் ஒருவன் குடும்பத்தில் இருந்துவிட்டால் மின்சாரத்தில் ஓடுகிற சாமான் எல்லாம் அவன் பொறுப்பு என்று ஆகிவிடுகிறது. மிக்ஸி சுற்றாவிட்டால் எனக்குப் போன் வரும். டிவியில் படம் போனால் எனக்குப் போன் வரும். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று எங்கள் சித்தப்பா வரிசையில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டு, "என்னத்தடா படிச்சுக் கிழிச்ச?" என்று கேட்டிருக்கிறார். நான் அன்னவாசல் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறவன். புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு சாயங்காலம் பஸ் ஏறுகிறவன். இதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை. வேலை செய்ய உடம்பு வளையாமல் சாக்குச் சொல்கிறான் என்கிறார்கள்.

அந்த வி.ஆர். ஹெட்செட்டும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

வந்தது என் வீட்டுக்கு இல்லை, கறம்பக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. அத்தான் இறந்த பிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். ஒரே மகள் கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு அக்கா விமானம் ஏறிப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தாள். திரும்பி வந்த அன்று திருச்சி ஏர்போர்ட் வாசலில் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தையே, "இனிமே சாமி சத்தியமா ப்ளேன்ல ஏற மாட்டேன்டா தம்பி. குலுக்குன குலுக்குல கொடலு வாய்க்கு வந்துருச்சு" என்பதுதான். நாங்கள் சிரித்தோம். பிறகு அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, கல்யாண வீடுகளில் அக்காவைக் கண்டாலே கையை விமானம் மாதிரி ஆட்டிக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது மகள் மறுபடியும் மாசமாக இருந்தாள். இந்த முறை ரத்த அழுத்தம் ஏறுகிறது, கூடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் சென்னையை விட்டு நகர மாட்டார். ஆக, எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அக்கா ஒரே வார்த்தையில் நின்றாள்: பயமாக இருக்கிறது. அவள் போவாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

மாப்பிள்ளை சாஃப்ட்வேர் ஆசாமி. உலகத்தில் எந்த வலிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தேடி அமுக்கினால் போதும் என்று நினைக்கிற ரகம். விமான பயத்தை வி.ஆர். மூலம் போக்கலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறார். கண்ணை மறைக்கிற ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, விமானம் ஓட்டுகிற விளையாட்டான ஃப்ளைட் சிமுலேட்டரில் தினமும் கொஞ்ச நேரம் பறந்தால் மனசு பழகிவிடுமாம். படித்த கையோடு எல்லாவற்றையும் ஆன்லைனில் ஆர்டர் போட்டு கறம்பக்குடிக்கே அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர், மானிட்டர், ஜாய்ஸ்டிக், ஹெட்செட் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, அக்கா வீட்டில் மறுபடியும் கல்யாணமா என்று தெருவில் விசாரித்தார்களாம். அனுப்பிவிட்டு எனக்கு ஒரு போன். "மாமா, நீங்க இருக்கிற தைரியத்துலதான் பண்ணிருக்கேன்."

இப்படிச் சொல்லிவிட்டால் மாமாவால் முடியாது என்று சொல்ல முடியாது. அதற்காகவேதான் சொல்கிறார்கள்.

அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டை, அங்கே பஸ் மாறிக் கறம்பக்குடி. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனேன். கம்ப்யூட்டரின் பாகங்களைப் பூட்டி ஓடவிட்டேன். அதன் வயிற்றுக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு எரிந்தது, திருவிழாவுக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி. ஒரு கணக்குப் போடுகிற மெஷினுக்கு இந்தக் கூத்து எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஹெட்செட்டைத் தனியாக மாட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளை மண்டபம் தெரிந்தது, நன்றாகத்தான் வேலை செய்தது. சிமுலேட்டர்தான் இறங்கவில்லை. உலகத்தையே உள்ளே வைத்திருக்கிறதாம், அவ்வளவு பெரிசு. கறம்பக்குடி இணையத்தில் அது ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கி முடியட்டும் என்று கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர் ஆவூர்க்காரர். அண்ணன் தம்பி எல்லாரும் வெளிநாட்டில். கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் இணைக்க நீளமான வயர் வேண்டும் என்று நான் புலம்பியதைக் கேட்டு, தன் வீட்டில் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் கேட்டுவிட்டு, "எங்க ஊருல அறுபது எழுபது வயசு ஆளுங்க தனியா ஏறிப் போய்ட்டு வாராங்க சார். ஏறுனதும் ஜெபமாலைய எடுப்பாங்க, எறங்குனதும் பைக்குள்ள போட்டுக்குவாங்க. அம்புட்டுத்தான்" என்றார். இதை அக்காவிடம் போனில் சொன்னேன். "அவுங்களுக்குத் தைரியம் இருக்கு, போறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. விடுமுறைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்திருந்தது. அரிவாள்மனை முதல் ஸ்கூட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். கிரைண்டருக்கு வயிற்றில் ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு நெற்றியில் ஒன்று. கம்ப்யூட்டர் பெட்டி, மானிட்டர், ஜாய்ஸ்டிக், ஹெட்செட் நான்கும் வாழை இலையில் பொரிகடலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. பூஜைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. நானும் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் அக்கா மறுபூஜை போட்டு, சூடம் காட்டி, "எடுத்துக்க" என்று ஹெட்செட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நிமிடத்தில் இருந்து அது வேலை செய்யவில்லை.

மானிட்டரில் சிமுலேட்டர் பிரமாதமாக வந்தது. திருச்சி ரன்வேயில் விமானம் நின்றது, வெயில் அடித்தது, தூரத்தில் மலை தெரிந்தது. வி.ஆருக்கு மாற்றினேன். ஹெட்செட்டுக்குள் சாம்பல் நிறம். அதன் நடுவில் ஒரு வாசகம்: இருக்கும் இடத்தைக் கண்டறிய முடியவில்லை, அறையில் வெளிச்சம் போதாமல் இருக்கலாம்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கப்போகிற காலை வெயில் ஜன்னல் வழியாக அறை முழுக்கக் கொட்டிக்கிடந்தது. வெளிச்சம் போதவில்லையாம். சரி என்று டியூப்லைட்டைப் போட்டேன். போதவில்லை. அடுப்படி பல்பைக் கழற்றி வந்து இங்கே மாட்டினேன். போதவில்லை. அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் கதிரடிக்க வைத்திருந்த பெரிய விளக்கை வாங்கிவந்தாள். அதையும் போட்டோம். அறையில் கண் திறக்க முடியவில்லை, பல்லி கூடச் சுவரை விட்டு இறங்கிப் போய்விட்டது. ஹெட்செட்டுக்கு மட்டும் இருட்டாகவே இருந்தது.

மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், வேலை முடிந்து வந்திருந்தார். "ஈஸி மாமா, ரெண்டு நிமிஷம்" என்றார். இந்த ரெண்டு நிமிஷக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். வயரை வேறு துளையில் செருகச் சொன்னார். செருகினேன். அந்த வயர் நல்ல வயர்தானா என்று சந்தேகப்பட்டார். ஆவூர் வயர் என்றேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சிமுலேட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவில் பேசிவைக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறதாம், ஒன்று போனால் இன்னொன்று, அதை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றவேண்டும், ஒவ்வொரு தடவையும் அது சீரியல் செட் போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்திருக்கும். நடுவில் கரண்ட் வேறு போனது. சாப்பிடக் கூப்பிட்ட அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்கு அப்பளத்தைப் பொரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க சைடுல ஏதோ தப்பு பண்றீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு வந்த கோபத்தில் ஹெட்செட்டைத் தூக்கிப் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து, "இந்தா, நீங்களே பாருங்க, என்ன தப்புன்னு பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு போன அக்கா மகள் ஒரு நொடி திரும்பினாள். நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"அம்மா! அதுக்கு நாலு கண்ணுலயும் பொட்டு வச்சிருக்கியே!"

ஹெட்செட்டின் முன்பக்கம் நான்கு மூலையிலும் மிளகு அளவுக்கு நான்கு கண்ணாடிக் குமிழ் உண்டு. அவை கேமராக்கள். அவற்றால்தான் அது சுவரையும் தரையையும் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அக்கா அந்த நான்கின் மேலும் அளவெடுத்த மாதிரி சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. காலையில் இருந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கள் பள்ளிக் கணினி அறையில் பொட்டு இல்லாத மெஷின் ஒன்று கூடக் கிடையாது. மானிட்டருக்குப் பொட்டு, பிரின்டருக்குப் பொட்டு, மவுசுக்கும் கூடப் பொட்டு. இத்தனை வருஷத்தில் பொட்டு வைத்ததால் ஒரு மெஷினும் நின்றதில்லை. வைத்த பொட்டை யாரும் அழித்ததும் இல்லை. அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. உலகத்தில் வேறு எந்தக் கம்ப்யூட்டர் வாத்தியாரும் இதைத்தான் முதலில் பார்த்திருப்பான். எனக்குக் கண்ணில் பட்டும் படவில்லை.

"நாலு பக்கமும் கண்ணு மாதிரி இருந்துச்சு. கண்ணுக்கு மேலதான வைக்கணும்னு வச்சேன்" என்றாள் அக்கா. ஈரத்துணியோடு நான் தயங்கி நின்றதைப் பார்த்து, அவளே வாங்கித் துடைத்தாள்.

உடனே வேலை செய்தது. சோதித்துப் பார்க்க நான்தான் முதலில் மாட்டினேன். விமானம் எழும்பித் திருச்சி மேல் ஒரு சுற்றுச் சுற்றியதுதான் தெரியும். அப்பளமும் சாம்பாரும் கொல்லைப்புறத்து வாழை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது அக்கா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மாட்டிவிட்டேன். ஜாய்ஸ்டிக்கை நான் பிடித்துக்கொண்டேன், அவள் பார்த்தால் போதும். எங்கேயோ ஓர் அளவு தப்பிவிட்டது போலிருக்கிறது, அவளை விமானத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டது.

"தம்பி, நான் ரெக்கை மேல உக்காந்திருக்கேன்டா" என்றாள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சீட் கிடைத்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

பதறிப்போய் அவளை உள்ளே இழுத்து விமானி இருக்கையில் வைத்தேன். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். "ஓட்டுறவரு எங்கடா?" என்றாள். நான்தான் என்றேன். "நீ ஸ்கூட்டியே ஒழுங்கா ஓட்ட மாட்டியே" என்றாள். கிளப்பினேன். புதுக்கோட்டை ரோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே பறந்தோம். குனிந்து குனிந்து கீழே பார்த்தாள். ஆவூர் வந்தது. அங்கே மாதா கோயில் இருக்கவேண்டிய இடத்தில் அந்த மேதாவி சிமுலேட்டர் ஒரு குடோனைக் கட்டி வைத்திருந்தது. கண்மாய்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. வெயிலில் ஒவ்வொன்றும் தகடாக மின்னியது. "இம்புட்டுக் கம்மாயா நம்ம ஊருல?" என்று அக்கா கையை நீட்டி எண்ணப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே விமானத்தைச் சாய்த்தேன், குலுக்கினேன். அவள் உடம்பு கூட அசையவில்லை. கறம்பக்குடி மேல் வந்தபோது, "இன்னுங் கொஞ்சம் தாழ எறக்கு, நம்ம தெரு தெரியுதான்னு பாப்பம்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே நாளில் பயம் தெளிந்துவிட்டதே! மாப்பிள்ளையின் யோசனையை நான் நக்கல் செய்ததெல்லாம் மறந்துபோய், அப்போதே போனை எடுத்து, 'சக்சஸ், அக்கா ஜாலியாகப் பறந்தாள்' என்று அவருக்கு மெசேஜ் தட்டினேன். உடனே பதில் வந்தது. நாளைக்கு லேண்டிங்கை மட்டும் வீடியோ காலில் காட்டுங்கள், அதையும் தாங்கிக்கொண்டால் டிக்கெட் போட்டுவிடுகிறேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைச் சுற்றி அதன் தடம் பதிந்திருந்தது.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். ஏன்க்கா?"

"எனக்கு ப்ளேனுன்னா பயமெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. குலுக்கியதில் குடல் வாய்க்கு வந்ததே என்றேன். "வார வழி பூரா தூங்கிக்கிட்டுத்தான் வந்தேன். எப்ப எறங்குனதுன்னே தெரியல" என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அங்க லீவு முடிஞ்சு மக வேலைக்குப் போயிட்டா. வீட்டுல நானும் புள்ளயுந்தான். ஹாலு சொவத்துல முட்டை மாதிரி ஒரு கேமரா மாட்டிருந்தாங்க. புள்ளயப் பாத்துக்கிற கேமராவாம். அதுல பேசலாம்னு எனக்குத் தெரியாது. ஒருநா புள்ளயத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருக்கேன், 'அத்தை, அவ்வளவு வேகமாத் தட்டாதீங்க'ன்னு சொவத்துக்குள்ளருந்து கொரலு வருது. மாப்ள ஆபீசுல உக்காந்து பேசுறாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. அதுக்கப்புறம் தெனமும். அத்தை, சேலைய வச்சு வாயத் தொடைக்காதீங்க. அத்தை, ஏன் அழ விடுறீங்க. அத்தை, நீங்க தூங்கிட்டீங்க. கொரல ஒசத்த மாட்டாரு, மரியாதையாத்தான் சொல்லுவாரு. ஆனா எப்பப் பாக்கிறாரு, எப்பப் பாக்கலன்னு தெரியாது. குளிச்சிட்டு ஈரத் தலையோட ஹாலுக்கு வரக் கூசும். சோறு திங்கிறப்பகூட அதுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவேன்."

"அவகிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? பச்சப்புள்ளக்காரி. அவகிட்டச் சொன்னா அவ அவரக் கேப்பா, ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம். இப்ப வர மாட்டேன்னு சொன்னாலும் ஏன்னு கேப்பா. பயமா இருக்குன்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்கல பாரு. சிரிச்சுட்டு விட்டுட்டீங்க. யாரு மனசும் நோகாத பொய்யா எனக்கு அது ஒண்ணுதான் கெடச்சுச்சு. அதையும் மெஷின வச்சுத் தெளிவிச்சுட்ட."

"அப்ப அந்தப் பொட்டு..?"

"அது சாமிக்கு வச்சதுடா. எல்லாத்துலயும் சூது பாக்காத" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எனக்குச் சொல்ல முடியாத ஆத்திரம். அந்த மனிதர் தன் வீட்டுக்கு வந்த மாமியாரை ஆறு மாதம் சுவரில் இருந்து மேய்த்திருக்கிறார். அப்புறம் அவளுக்கு ஏன் பயம் என்று தெரியாமல் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்புகிறார். நான் ஒருவன், சனிக்கிழமைகளை எல்லாம் பஸ்ஸில் தொலைத்துவிட்டு அதற்கு வயர் செருகிக்கொண்டிருந்தேன். இப்போதே போன் போட்டுக் கேட்கிறேன் என்று குதித்தேன். அக்கா, "அவ மாசமா இருக்கா. ஒரு வார்த்த பேசுன, இந்த வாசப்படி மிதிக்காத" என்றாள்.

ஆகவே மறுநாள் அந்த நாடகம் நடந்தது. அக்காவின் யோசனைதான். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் போனைப் பிடித்தேன், மானிட்டர் தெரியாதபடி அவள் முகத்தை மட்டும் காட்டி. மாப்பிள்ளை ஒரு கையில் காப்பியோடு, படம் பார்க்க உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா மகள்.

"இப்ப கீழ எறங்குது மாப்ள" என்றேன். "மெல்போர்ன் ரன்வே தெரியுது. காத்து ஜாஸ்தி போல, ஆடுது."

விமானம் திருச்சியில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினைக்கூடப் போடவில்லை.

அக்கா நாற்காலியின் கைகளைப் பிடித்தாள். "ஐயோ" என்று ஆரம்பித்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "ஆத்தா, சாயுதே! தம்பி, நிப்பாட்டுடா! நிப்பாட்டச் சொல்லுடா!" என்று காலை உதறினாள், தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். எனக்கே ஒரு கணம் விமானம் கிளம்பிவிட்டதோ என்று சந்தேகம் வந்து மானிட்டரைத் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் சும்மா நின்றது.

"கழட்டு மாமா, அம்மாவுக்குக் கழட்டு!" என்று அக்கா மகள் அந்தப் பக்கம் கத்தினாள். "அம்மா, வேணாம்மா. நீ வர வேணாம்மா. இங்க நான் பாத்துக்கிறேன். நீ பயப்படாம இரு, அது போதும் எனக்கு." அவள் அழுதாள். அக்காவின் சத்தம் நின்றது. ஹெட்செட்டுக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன். அது நடிப்பு இல்லை.

அத்தோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்தார்.

"டோன்ட் வொர்ரி அத்தை. ஃபர்ஸ்ட் டைம் அப்படித்தான் இருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பிராக்டிஸ் பண்ணுங்க, சரியாயிரும். மாமா, அந்த மானிட்டர்லயே ஒரு கேமரா இருக்கு பாருங்க. அத எப்பவும் ஆன்லயே விட்ருங்க. நான் இங்கருந்தே அத்தையப் பாத்துக்கிறேன். தப்புப் பண்ணுனா நானே சொல்லிர்றேன்."

அக்கா ஹெட்செட்டைக் கழற்றினாள். அவசரப்படாமல் மேஜைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை என் கையில் இருந்து வாங்கினாள்.

"மாப்ள, எனக்கு ப்ளேனுன்னா பயமில்ல" என்றாள். "நீங்க பாக்கிறீங்கள்ல, அதுக்குத்தான் பயம்."

அக்கா மகள்தான் முதலில் பேசினாள். "என்னம்மா சொல்ற? எதப் பாக்கிறாரு?" அக்கா, "நீ அவரையே கேட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மத்தியானம் வரை அக்கா கீரை ஆய்ந்தாள், ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தாள். பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நான் அந்தக் கம்ப்யூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினேன். அப்போது போன் அடித்தது. அக்கா மகள். வீடியோ இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் வீடியோ இல்லாமல் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அக்கா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நெடுநேரம் வாழை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்தாள். பேசியதை விட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் கடுகடு என்று இருந்தது.

"கழட்டிட்டாளாம்டா அந்தக் கேமராவ. அவரு நான் கழட்டுறேன், நான் கழட்டுறேங்கிறாராம். இவ கேக்காம தானே ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழட்டிருக்கா. ரத்த அழுத்தத்த வச்சுக்கிட்டு, இந்த வயித்த வச்சுக்கிட்டு, ஸ்டூல்ல ஏறலாமாடா ஒரு பொம்பள? அங்க போன ஒடனே மொத வேலையா நாலு சாத்து சாத்தணும் அவள."